அனுப்பியது 214 வரி, வந்து சேர்ந்தது 166

இணையச் செயலிகள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் உள்ள பழைய நிரலை அதன் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையைத் தனியாளாக ஏற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்ட வேலை ஐந்து வாரம் இழுத்தது. அந்த ஐந்து வாரமும் சரியாகத் தூங்கவில்லை. முடிவில் இரண்டு மாத ஊதியத்தை வாங்கிக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்தேன், ஏனென்றால் நடந்த சேதத்துக்கு நானே பொறுப்பு என்று எனக்குத் தெரிந்தது. உலாவியிலிருந்து வரும் தரவு நிரலின் கைக்கு வருவதற்கு முன்னால் என்னவெல்லாம் ஆகிறது என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், இதில் பாதி நடந்திருக்காது.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பதிவு, மாதச் சந்தா வரவு இரண்டையும் பார்த்துக்கொள்ளும் இணையச் செயலி அது. உறுப்பினர்கள் 214 பேர். பிஎச்பி 5.2-இல் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். சர்வர் பழுதாகும் நிலைக்கு வந்ததால் பிஎச்பி 8-க்கு மாற்றித் தரச் சொன்னார்கள். நிரலைத் திறந்து பார்த்தேன். நாற்பது பக்கத்துக்கு மேல் இல்லை. சரி என்றேன்.

முதல் நாள் புதிய சர்வரில் ஏற்றியதும் எல்லாப் பக்கமும் திறந்தது, ஆனால் எந்தப் படிவமும் வேலை செய்யவில்லை. பெயர் என்ற பெட்டியில் எதை எழுதி அனுப்பினாலும் நிரலில் அந்த மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடம்) காலியாகவே இருந்தது. காரணம் ரெஜிஸ்டர் குளோபல்ஸ். பழைய பிஎச்பியில் அந்த வசதி இருந்தது: படிவத்தில் எந்தப் பெயரில் ஒரு புலம், அதாவது நிரப்பும் பெட்டி, வந்தாலும், அதே பெயரில் நிரலுக்குள் ஒரு மாறி தானாகப் பிறந்துவிடும். எழுத எளிது. ஆனால் நிரலாளர் தொடக்க மதிப்புக் கொடுக்க மறந்த எந்த மாறியையும் வெளியாள் முகவரிப் பட்டையிலிருந்தே நிரப்பிவிட முடியும். நிர்வாகியா இல்லையா என்று சொல்லும் மாறியும் அதில் அடக்கம். இந்த ஆபத்தை உணர்ந்து 4.2 பதிப்பில், 2002-இல், அதை இயல்பாக அணைத்துவைத்தார்கள். 2012-இல் வந்த 5.4-இல் முற்றாக நீக்கினார்கள். இந்தச் செயலிக்காக யாரோ பழைய சர்வரில் அதை மறுபடி இயக்கி வைத்திருந்தார்கள்.

நாற்பது பக்கத்தையும் திருத்தி எழுத எனக்கு அப்போது பொறுமை இல்லை. எல்லாப் பக்கமும் முதலில் அழைக்கும் பொதுக் கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: வந்த தரவையெல்லாம் பெயரோடு வைத்திருக்கும் ரெக்வஸ்ட் என்ற அணியில் (தொகுப்பில்) உள்ளதையெல்லாம் எக்ஸ்ட்ராக்ட் செய்து மாறிகளாக்கு. உடனே எல்லாம் ஓடியது. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. நீக்கப்பட்ட ஆபத்தை என் கையாலேயே திரும்பக் கொண்டுவந்திருந்தேன். எக்ஸ்ட்ராக்ட் என்ற சார்பு (மொழியோடு வரும் தயார்க் கட்டளை) இயல்பாகவே ஏற்கெனவே இருக்கும் மாறியின் மேல் புதிய மதிப்பை எழுதிவிடும் என்பதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. உங்கள் கையிலும் இப்படி ஒரு நிரல் வந்தால், எத்தனை பக்கமானாலும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தப் புலம் எங்கிருந்து வரவேண்டும் என்று பெயர் சொல்லி எடுத்து எழுதுங்கள். பின்னால் நான் அதைச் செய்தபோது எனக்கு ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது அடி மூன்றாம் நாளே விழுந்தது. டி'சூசா என்று பெயருள்ள ஓர் உறுப்பினரின் விவரத்தைச் சேமிக்க முடியவில்லை. தரவுத்தளம் பிழை சொன்னது. இதற்குக் காரணம் மேஜிக் கோட்ஸ் என்ற இன்னொரு பழைய ஏற்பாடு. வரும் தரவில் எங்கே மேற்கோள் குறி இருந்தாலும் அதற்கு முன்னால் பிஎச்பி தானாகவே ஒரு பின்சாய்வுக்கோட்டை (\) போட்டுவிடும். தரவுத்தளத்துக்குப் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்தது. ஆனால் எல்லாத் தரவும் தரவுத்தளத்துக்கா போகிறது? சில மின்னஞ்சலுக்குப் போகும், சில திரையில் மறுபடி காட்டப்படும், சில கோப்பில் எழுதப்படும். எங்கே போகப்போகிறது என்று தெரியாமல் வாசலிலேயே கறை பூசிவிட்டால், உள்ளே இருப்பவன் ஆயுள் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதுவும் 5.4-இல் போய்விட்டது.

நான் செய்த தவறு, போன அந்த ஏற்பாட்டையும் பாவனையாகத் திரும்பக் கொண்டுவந்ததுதான். வரும் தரவு முழுவதற்கும், அதே கோட்டைச் சேர்க்கும் ஆட்ஸ்லாஷஸ் சார்பைப் போட்டேன். இதற்கிடையில் சில பக்கங்களை ஒழுங்காக, தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையான வினவலை முன்கூட்டித் தயாரித்து மதிப்பைத் தனியே கொடுக்கும் முறைக்கு மாற்றியிருந்தேன். அந்தப் பக்கங்களில் பின்சாய்வுக்கோடு பெயரோடு சேர்ந்து அப்படியே தரவுத்தளத்தில் பதிந்தது. முதல் முறை சேமித்தபோது டி-க்கும் மேற்கோள் குறிக்கும் நடுவில் ஒரு கோடு. அதைத் திறந்து வேறெதையோ திருத்தி மறுபடி சேமித்தால் மூன்று கோடுகள். அடுத்த முறை ஏழு. சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா எடுத்து அனுப்பிய திரைப்பிடிப்பில் டி'சூசாவின் பெயருக்கு நடுவே வேலி போட்டதுபோல் அந்த ஏழு கோடுகளும் நின்றன. உங்கள் தரவுத்தளத்தில் பெயர்களுக்கு நடுவே 1, 3, 7 என்ற எண்ணிக்கையில் பின்சாய்வுக்கோடுகளைப் பார்த்தால், வேறெங்கும் தேட வேண்டாம். யாரோ வாசலில் தரவைத் திருத்துகிறார்கள். உள்ளே வருவதைத் தொடாதீர்கள். தரவுத்தளத்துக்குப் போகும்போது தயாரித்த வினவல், பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளை மாற்றும் சார்பு என்று, வெளியே போகும் வழியில் அந்தந்த இடத்துக்கு உரிய காப்பைச் செய்யுங்கள்.

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள். மூன்றாவது வந்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அந்த அலுவலக அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "சார், ஒருவருடைய முகவரியை மாற்றினால் இன்னொருவருடைய முகவரி மாறிவிடுகிறது. எப்போதும் இல்லை, சில சமயம்தான்." நான் என் கணினியில் முப்பது தடவை முயன்றேன். ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை. நேரடிச் சர்வரிலும் முயன்றேன். ஆகவில்லை. அவர்தான் வேறு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தவறுதலாக மாற்றியிருப்பார் என்று நினைத்தேன், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன். அவர் அமைதியாக, "நான் 87-ஆம் எண்ணில்தான் சேமித்தேன், சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து, அவர் திரையைப் பகிரச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். அவர் 87-ஆம் உறுப்பினரைத் திறந்தார். முகவரியை ஒப்பிட இன்னொரு தாவலில் 131-ஆம் உறுப்பினரைத் திறந்தார். முதல் தாவலுக்கு வந்து சேமித்தார். 131 மாறியது. நான் எப்போதும் ஒரே தாவலில் சோதித்ததால் எனக்கு அது நடக்கவே இல்லை. சேமிக்கும் இடத்தில் வந்த அணிகளைச் சர்வரின் பதிவேட்டில் (லாக்) எழுதவைத்துப் பார்த்தேன். படிவத்தில் வந்ததை வைத்திருக்கும் போஸ்ட் அணியில் உறுப்பினர் எண் 87. உலாவி நினைவில் வைத்துத் திருப்பி அனுப்பும் சிறு தரவான குக்கிகளின் அணியில் 131. ரெக்வஸ்ட் அணியில் 131.

கடைசியாகப் பார்த்த உறுப்பினரை நினைவில் வைக்க நானே புதிதாக ஒரு குக்கி சேர்த்திருந்தேன். அதற்கும் படிவப் புலத்துக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். ரெக்வஸ்ட் என்பது பக்கத்தின் இணைய முகவரியில் (யுஆர்எல்) வந்தது, படிவத்தில் வந்தது, குக்கியில் வந்தது மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டும் அணி. ஒரே பெயர் இரண்டில் இருந்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். எது எந்த வரிசையில் என்பதை ரெக்வஸ்ட் ஆர்டர் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது, 5.3-இல் வந்தது அது. பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் முகவரி, படிவம் இரண்டு மட்டும்தான், குக்கி கிடையாது. என் கணினியில் அந்த மாதிரிக் கோப்பைத்தான் பயன்படுத்தினேன். நேரடிச் சர்வரில் ஓடியதோ கண்டெய்னர், அதாவது செயலிக்குத் தேவையானதையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் முறை. பிஎச்பிக்கான அதிகாரபூர்வக் கண்டெய்னரில் மாதிரிக் கோப்புகள் இருக்குமே தவிர, அதில் ஒன்றை நாம்தான் நகலெடுத்து இயக்கிக்கொள்ள வேண்டும். நான் செய்யவில்லை. அமைப்பு காலியாக இருந்தால் பிஎச்பி வேறோர் அமைப்பைப் பார்க்கும். அந்த வரிசையில் இந்த மூன்றில் குக்கிதான் கடைசி. அதாவது, குக்கி எல்லாவற்றையும் வெல்லும். பழைய சர்வரிலும் குக்கி கலந்துதான் வந்திருக்கும், ஆனால் அங்கே மோதுகிற பெயரில் குக்கி இல்லை.

ஒரே நிரல், இரண்டு சர்வர், இரண்டு விதமான தரவு. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து ரெக்வஸ்ட் அணியை எந்த நிரலிலும் தொடுவதில்லை. படிவத்தில் வரவேண்டியது போஸ்ட்டிலிருந்து மட்டும், முகவரியில் வரவேண்டியது கெட்டிலிருந்து மட்டும். இரண்டு சர்வரின் முழு அமைப்புப் பட்டியலையும் கோப்பாக எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகுதான் எதையும் நேரடியாக ஏற்றுகிறேன். ஒப்பிடப் பத்து நிமிடம் போதும்.

நான்காவது கோளாறுதான் ஊதியத்தை விட்டுக்கொடுக்க வைத்தது. மாத இறுதியில் சந்தா வரவைப் பதிய ஒரு பெரிய படிவம் உண்டு. ஓர் உறுப்பினருக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு புலங்கள்: எண், தொகை, தேதி, ரசீது எண், செலுத்திய முறை, குறிப்பு. மேலே, திரையில் தெரியாமல் படிவத்தோடு போகும் நான்கு மறைபுலங்கள். சேமி என்று அழுத்தினால், நிரல் அந்த மாதத்தின் பழைய வரிகளை அழித்துவிட்டுப் படிவத்தில் வந்ததைப் புதிதாக எழுதும். பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடியது.

மாதம் முடிந்து, சந்தா கட்டாதவர்களுக்கு நினைவூட்டல் கடிதங்கள் போயின. கட்டியவர்களுக்கும் போயின. எல்லாரும் அண்மையில் சேர்ந்தவர்கள், எண் 167-லிருந்து 214 வரை. சங்கத்தை நம்பிப் புதிதாக வந்தவர்களுக்கு, பணம் கட்டவில்லை என்று கடிதம். சிலர் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் வந்து கேட்டிருக்கிறார்கள். பணத்தை யாரோ எடுத்துவிட்டார்களோ என்ற பேச்சும் எழுந்தது. வரவு வாங்கியவர் அந்த அலுவலக அம்மாதான்.

வரியை எண்ணினேன். தரவுத்தளத்தில் 166. ஆறால் பெருக்கினால் 996. மறைபுலங்கள் நான்கைச் சேர்த்தால் சரியாக 1000. அந்த உருண்டை எண்ணைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இயல்பு மதிப்பு 1000. 2011 இறுதியில், ஒரே ஹேஷ் மதிப்பு (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) தரும் ஆயிரக்கணக்கான புலப் பெயர்களை அனுப்பிச் சர்வரை மூச்சுமுட்டவைக்கும் தாக்குதல் பல மொழிகளையும் பாதித்தது. அதற்குத் தடுப்பாக 5.3.9-இல் இதைச் சேர்த்தார்கள். காரணம் நியாயமானது. ஆனால் வரம்பைத் தாண்டினால் என்ன செய்கிறது? ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டு, மீதியை முழுமையான தரவுபோல நிரலிடம் கொடுத்துவிடுகிறது. எச்சரிக்கையைப் பார்வையாளர் கண்ணில் படாமல் நான் அணைத்து வைத்திருந்தேன். அது கண்டெய்னரின் பதிவேட்டில் விழுந்து, மறுபடி நிறுவியபோது பதிவேட்டோடு அழிந்துபோனது. நிரலுக்குள் எந்தப் பிழையும் எழவில்லை. "சேமிக்கப்பட்டது" என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது.

இந்த வெட்டைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பைத்தான் மொழியின் இணையச் சட்டகமான ஜாங்கோவிலும் படிவப் புலங்களுக்கு இயல்பு வரம்பு 1000-தான். தாண்டினால் அது கோரிக்கையை மறுத்து 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புகிறது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில், எக்ஸ்பிரஸ் என்ற சட்டகத்தோடு பயன்படும் படிவ வாசிப்பானின் இயல்பு வரம்பும் 1000-தான். அது 413 என்று மறுக்கிறது. எண் ஒன்றுதான். அங்கே முதல் நாளே அலுவலகத்தில் சிவப்பு எழுத்தில் பிழை தெரிந்திருக்கும், எனக்குத் தொலைபேசி வந்திருக்கும், ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருப்பேன். ஒரு மொழி வெளித் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வந்ததை வந்தபடியே கொடு, எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கொடு, முழுதாகக் கொடுக்க முடியாவிட்டால் வேலையை நிறுத்து. நிரலாளருக்கு உதவுவதாக எண்ணி மாறி உண்டாக்கியது, கோடு போட்டது, மூன்றையும் கலந்தது, பாதியை வெட்டியது, எல்லாமே அவனுக்குத் தெரியாமல் நடந்தவை. அதே பிஎச்பியில், அனுப்பிய மொத்த அளவு போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற 8 எம்பி வரம்பைத் தாண்டினால் போஸ்ட் அணி முழுக்கக் காலியாகிவிடுகிறது. பெரிய கோப்பு ஏற்றும் படிவம் இருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள்.

புலப் பெயரில் புள்ளி இருந்தால் பிஎச்பி இன்றும் அதை அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. மாறிப் பெயரில் புள்ளி வரக்கூடாது என்பதற்காக ரெஜிஸ்டர் குளோபல்ஸ் காலத்தில் செய்த ஏற்பாடு. அந்த வசதி செத்துப் பல ஆண்டுகளாகியும் அதற்காக வைத்த விதி உயிரோடு இருக்கிறது. அதேபோல், ஜேசான் என்ற உரை வடிவில் தரவு அனுப்பினால் போஸ்ட் அணியில் எதுவும் வராது. கோரிக்கையின் உடலை நேராகப் படிக்க வேண்டும். இதை நான் பிற்பாடு குறையாகவே நினைக்கவில்லை. தொடாமல் அப்படியே தருகிறது அல்லவா, அதுதான் எனக்கு வேண்டும்.

வரம்பை உயர்த்துவதற்கே அரை நாள் வீணானது. நிரலுக்குள்ளிருந்தே அமைப்பை மாற்றும் ஐஎன்ஐ செட் சார்பால் 5000 என்று எழுதினேன், மாறவில்லை. மாறாது. நிரலின் முதல் வரி ஓடுவதற்குள் தரவு படித்து வெட்டப்பட்டுவிடுகிறது. அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். ஆனால் உயர்த்துவது மட்டும் போதாது, ஒருநாள் 5000-மும் நிரம்பும். ஆகவே படிவத்தின் கடைசியில், எல்லா வரிகளுக்கும் பின்னால், "முடிவு" என்று ஒரு மறைபுலம் வைத்தேன். அது வந்து சேராவிட்டால் எதையும் எழுதாமல் நிறுத்திவிடும். மேலே மொத்த வரி எண்ணிக்கையை அனுப்பி, வந்ததோடு ஒப்பிடுகிறேன். அழித்துவிட்டு எழுதும் முறையை எடுத்துவிட்டு, மாறிய வரியை மட்டும் புதுப்பிக்கிறேன். இவற்றில் முதல் இரண்டில் ஒன்று முதலிலேயே இருந்திருந்தாலும் அந்தக் கடிதங்கள் போயிருக்காது. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: புலப் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு வைத்து அனுப்பினால் பிஎச்பி அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) தராமல் அணியாகத் தரும் என்பதால், ஒவ்வொரு மதிப்பும் சரம்தானா என்று முதலில் பார்க்கிறேன்.

இழந்ததை மீட்பது கடைசி வேலை. இடையில் திருத்திச் சேமிக்கப்பட்ட இரண்டு பழைய மாதங்களின் வரிகளை, மாற்றிய அன்று எடுத்துவைத்த காப்பு நகலிலிருந்து திரும்பச் சேர்த்தேன். நடப்பு மாதத்தின் 48 வரிகளுக்கு அந்த வழி இல்லை. அவை தரவுத்தளத்துக்குள் வந்ததே இல்லை. வராததற்குக் காப்பு நகல் இருக்க முடியாது. அலுவலகத்துக்குப் போய், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு, அந்த அம்மா எண்ணையும் தொகையையும் படிக்கப் படிக்க நான் பதிந்தேன். தாவல் விஷயத்தில் அவரைக் குறை சொன்னதற்கு அன்றுதான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா, அது போதும்" என்றார். 46 வரிகள் கிடைத்தன. இரண்டு பேருக்கு அடிக்கட்டை கிடைக்கவில்லை. அந்த இரண்டு தொகையையும் நானே கட்டி, குறிப்புப் புலத்தில் காரணத்தை எழுதிச் சேமித்தேன்.